ஓமமும் பூசண நஞ்சும்

1974-ஆம் ஆண்டு, மக்காச்சோளம் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில், ராஜஸ்தானின் பன்ஸ்வாடா மாவட்டத்திலும் அதையொட்டிய குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டத்திலும் பருவம் தப்பி மழை கொட்டியது. கதிர்கள் செடியிலேயே நனைந்தன. அங்கே வாழும் பில் பழங்குடியினருக்கு அந்தச் சோளத்தை விட்டால் வேறு உணவில்லை. சரியாகக் காயாத கதிரைக் குடிசைக்குள் சேர்த்துவைத்து, மாவாக்கி, ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். சில வாரங்களில் ஊர் ஊராகக் கண்கள் மஞ்சளாயின. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. அதே வீடுகளில் மிச்சம் தின்ற நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன.

நாய்கள்தான் துப்புக் கொடுத்தன. தொற்றுக் காமாலை என்றால் அது மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே நேரத்தில் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சாப்பாடு மட்டுமே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மருத்துவர்கள் அந்தச் சோளத்தைச் சோதித்தபோது, கிலோவுக்கு ஏறத்தாழ 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருந்தது. இன்று இந்தியாவில் தானியத்துக்கு அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, வரம்பைப் போல ஆயிரம் மடங்குவரை நஞ்சு கலந்த ரொட்டியை அந்த மக்கள் நாள்தோறும் சாப்பிட்டிருக்கிறார்கள். பதிவான நோயாளிகள் 397 பேர். அவர்களில் 106 பேர் இறந்தார்கள்.

இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்து அப்போது பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. 1960-இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்தன. காரணத்தைத் தேடிப் போனவர்கள், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். அந்தப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சில் பல வகைகள் இருந்தன. புறஊதா ஒளியில் நீலமாக மின்னியதை பி என்றும், பச்சையாக மின்னியதை ஜி என்றும் பிரித்தார்கள். அவற்றில் மிகக் கொடியது பி1. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பட்டியலில் அது இருக்கிறது.

இந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ இல்லை. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் பருப்புக்குள் ஊறிய நஞ்சு அங்கேயே இருக்கும். சமையல் சூட்டுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. வறுத்தால் ஓரளவு குறையும். வேகவைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சாப்பாட்டோடு உள்ளே போன பி1-ஐக் கல்லீரல் வெளியேற்றப் பார்க்கிறது. அதற்காக நொதிகளைக் கொண்டு அதை மாற்றும்போது, எபாக்சைடு என்ற, எதையும் பற்றிக்கொள்ளத் துடிக்கும் வடிவம் பிறந்துவிடுகிறது. அது டி.என்.ஏ-வில் உள்ள குவானின் என்ற எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் குளுட்டாத்தயோன் என்ற காப்புப்பொருள் போதிய அளவு இருந்தால் எபாக்சைடு அதனிடம் மாட்டி, கரைந்து, வெளியேறிவிடும். இல்லாவிட்டால் டி.என்.ஏ-வில் பிழை விழும். செல்லைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பி53 மரபணுவின் 249-ஆம் இடத்தில் அடிக்கடி ஒரே வகையான பிழை விழுவதை, சீனாவிலும் தென்னாப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் கட்டிகளில் 1991-இல் கண்டறிந்தார்கள்.

கல்லீரல் என்றதும், காமாலை என்றதும், நம் ஊரில் கை தானாகவே மூலிகைப் பக்கம் நீளும். நீளத்தான் வேண்டும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இலையையும் வேரையும் விதையையும் மனித உடலில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் சித்த மருத்துவத்திடமும் ஆயுர்வேதத்திடமும் இருக்கிறது. எந்தச் செடியை முதலில் எடுத்து ஆராய்வது என்று தெரியாமல் நிற்கும் வேதியியலாளருக்கு அந்த அனுபவம் பெரிய கொடை. ஆனால், “இந்த மூலிகை பூசண நஞ்சுக்கு நல்லது” என்று யாராவது சொன்னால், நாம் உடனே திருப்பிக் கேட்க வேண்டும்: எந்த இடத்தில் நல்லது? பூஞ்சை வளராமல் தடுக்கிறதா? வளர்ந்த பூஞ்சை நஞ்சு சுரக்காமல் தடுக்கிறதா? சுரந்த நஞ்சைச் சிதைக்கிறதா? உடலுக்குள் போன நஞ்சிடமிருந்து கல்லீரலைக் காக்கிறதா? இவை வெவ்வேறு வேலைகள். ஒன்றில் வென்ற மூலிகை இன்னொன்றில் தோற்கலாம். நாளிதழ்த் துணுக்குகளும் மருந்து விளம்பரங்களும் இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

வேப்பிலையைப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் தீபக் பட்நாகரும் மெக்கார்மிக்கும் செய்து 1988-இல் வெளியிட்ட சோதனை இது. வேப்பிலைச் சாறு சேர்த்த ஊட்டக் கரைசலில், அஃப்ளாடாக்சின் சுரக்கும் பூஞ்சையை வளர்த்தார்கள். பூஞ்சை வழக்கம்போலவே வளர்ந்தது. ஆனால் அது சுரக்கும் நஞ்சு 98 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. பூஞ்சைக்கு அஃப்ளாடாக்சின் உயிர்வாழத் தேவையான பொருள் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வரிசையாக முடுக்கப்பட்டால்தான் அது உருவாகும். வேப்பிலையில் உள்ள ஏதோ ஒன்று அந்த முடுக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறது. பூஞ்சை நஞ்சைச் செய்யத் தொடங்கிய பிறகு சாற்றைச் சேர்த்தால் பலன் குறைந்தது. ஆகவே வேப்பிலையின் காலம் முன்கூட்டிய காலம். பூசணம் பிடித்த கடலையில் வேப்பிலையைப் போட்டு எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. உணவுப் பாதுகாப்புப் பொருள்கள் சிலவற்றை, பூஞ்சையைக் கொல்லப் போதாத சிறிய அளவில் சேர்த்தபோது, நெருக்கடிக்குள்ளான பூஞ்சை முன்னைவிட அதிகமாக நஞ்சு சுரந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணுக்குப் பூசணம் குறைந்திருக்கும். உள்ளே நஞ்சு கூடியிருக்கும். எந்த மூலிகைச் சாற்றையும் “பூஞ்சையைத் தடுத்தது” என்ற ஒரே சான்றோடு ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

நம் குதிர்களிலும் பத்தாயங்களிலும் தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியும் போட்டுவைத்தவர்கள் பூஞ்சையை நினைத்துப் போடவில்லை. வண்டும் அந்துப்பூச்சியும் வராமலிருக்கவே போட்டார்கள். ஆனால் வண்டு துளைத்த ஓட்டைதான் பூஞ்சைக்கு வாசல். பூச்சி பெருகினால் அதன் மூச்சிலிருந்து வெளிப்படும் ஈரமும் சூடும் தானியத்துக்குள்ளேயே தங்கும். வண்டைத் தடுத்தபோதே அவர்கள் பூஞ்சையின் வழியில் பாதியை அடைத்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை: இலை நிழலில் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சை இலையை அள்ளிப் போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இப்போது ஓமத்துக்கு வருவோம். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த ஆய்வுகள் ஓமத்தைப் பற்றியவை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 2005-இல், ஓம விதையின் நீர்ச்சாறு மொத்த அஃப்ளாடாக்சினில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று எழுதினார்கள். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பல மூலிகைகளை வரிசையாகச் சோதித்தார்கள். அவற்றிலும் ஓம விதைச் சாறுதான் ஜி1 நஞ்சை அதிகமாகச் சிதைத்தது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சாற்றை அப்படியே சேர்த்தபோது ஜி1-இல் சுமார் 65 சதவீதம் சிதைந்தது. பிறகு சாற்றை ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் ஊற்றி நீரில் மிதக்கவிட்டார்கள். சவ்வின் நுண்துளை வழியே சிறிய மூலக்கூறுகள் வெளியேறிவிடும். பெரியவை பைக்குள் தங்கும். அப்படித் தங்கியதைச் சோதித்தால் வேகம் குறையவில்லை, கூடியிருந்தது. 6 மணி நேரத்தில் 78 சதவீதமும் 24 மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் ஜி1 சிதைந்தது. கொடிய பி1-இல் சுமார் 60 சதவீதம் போனது. அடுத்து, சாற்றை 100 பாகை சூட்டில் 10 நிமிடம் கொதிக்கவைத்துச் சோதித்தார்கள். ஆற்றல் பெருமளவு குறைந்துபோயிருந்தது.

இந்தச் சிறிய சோதனைகள் நிறையச் சொல்கின்றன. வேலை செய்யும் பொருள் பெரிய மூலக்கூறு. சூட்டில் கெடும் தன்மையுள்ளது. புரதமாக, ஒருவேளை நொதியாக இருக்கக்கூடும். ஓமம் என்றால் நம் மூக்குக்கு நினைவு வருவது தைமால் என்னும் மணப்பொருள்; அது ஆவியாகும் சிறிய மூலக்கூறு. தைமால் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்க வல்லது. ஆனால் நஞ்சைச் சிதைத்தது அதுவல்ல. ஒரே விதையில் இரண்டு வேலைகளை இரண்டு தனித்தனிப் பொருள்கள் செய்கின்றன. அப்படியானால், வயிற்று உப்புசத்துக்கு நாம் வீட்டில் கொதிக்கவைத்துக் குடிக்கும் ஓமத்தண்ணீரில் மணம் இருக்கும், தைமால் இருக்கும். நஞ்சைச் சிதைக்கும் பொருள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். கொதிக்கவைக்காமல் குடித்தாலும் அது புரதமாயிருந்தால் வயிற்றில் செரித்துவிடும். ஓமத்தண்ணீர் வயிற்றுக்கு இதமானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. அதைக் குடித்துவிட்டுச் சொத்தைக் கடலையைத் தின்னலாம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

கோவைக் குழுவினர் ஆடாதோடையையும் ஆராய்ந்தார்கள். அதன் இலையின் நீர்ச்சாறு 37 பாகை வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பி1-இல் 98 சதவீதத்தைச் சிதைத்ததாக 2014-இல் வெளியானது. வியக்கவைக்கும் எண். கூடவே ஒரு கவலையும் உண்டு. இருமலுக்கும் சளிக்கும் கைகண்ட மருந்தான ஆடாதோடையில் வாசிசின் இருக்கிறது. அது கருப்பையைச் சுருங்கவைக்கும். எல்லாரும் சாப்பிடும் பொருளில், கர்ப்பிணிகளும் சாப்பிடும் பொருளில், அதைக் கலப்பதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும்.

“சிதைந்தது” என்ற சொல்லையும் எளிதாக விட்டுவிட முடியாது. அஃப்ளாடாக்சின் மூலக்கூறின் ஓரத்தில் லாக்டோன் வளையம் என்று ஒன்று இருக்கிறது. நஞ்சின் கொடுமையில் பெரும்பங்கு அதைப் பொறுத்தது. புறஊதா ஒளியில் மின்னுவதும் அதனால்தான். வளையம் திறந்தால் மின்னுவது நிற்கும், கருவியும் நஞ்சு குறைந்துவிட்டது என்று காட்டும். ஆனால் திறந்த வளையம் மறுபடி மூடிக்கொள்ளலாம். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து மாவாக்குவது மிகப் பழைய வழக்கம். அந்தக் காரத்தில் வளையம் திறந்து நஞ்சு பெருமளவு குறைந்ததுபோலத் தெரியும். அந்த மாவில் அமிலம் சேர்ந்தால் ஒரு பகுதி வளையங்கள் மூடி, நஞ்சு திரும்பிவிடுகிறது. நம் இரைப்பையோ அமிலம் நிறைந்த இடம். அதனால்தான் சிதைந்து கிடைத்த பொருளின் அமைப்பைக் கண்டறிவதோடு, அதன் நச்சுத்தன்மையை உயிருள்ள செல்களில் சோதிப்பதும் அவசியமாகிறது. கோவை ஆய்வில் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டிருந்தார்கள். அதற்காகவே அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

உடலுக்குள் போன பிறகு? திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், அஃப்ளாடாக்சின் கொடுத்துக் கல்லீரல் கெட்ட வாத்துக்குஞ்சுகளுக்கு மஞ்சளும் அதிலுள்ள குர்குமினும் கொடுத்தபோது சேதம் பெருமளவு சரியானது. 1992-இல் வெளியான ஆய்வு அது. வாத்துக்குஞ்சு அஃப்ளாடாக்சினுக்கு மிக எளிதில் பலியாகும் உயிர் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மனிதக் குடல் குர்குமினை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. குஞ்சுக்குச் சொன்னதை மனிதருக்குச் சொல்ல இன்னும் தூரம் இருக்கிறது.

மனிதரிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் சீனாவின் சிடோங்கில் இருக்கிறார்கள். யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர்ப்பகுதி அது. கல்லீரல் புற்றுநோய் அங்கே மிக அதிகம். மக்காச்சோளமும் ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்து செய்த வேலை. பச்சையத்திலிருந்து தயாரிக்கும் குளோரோஃபிலின் என்ற பொருளை 180 பேரைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு பாதியினருக்கு மூன்று வேளையும் 100 மில்லிகிராம் குளோரோஃபிலின், மறுபாதியினருக்கு வெறும் மாத்திரை, நான்கு மாதம். டி.என்.ஏ-வில் ஒட்டி, பிறகு கழன்று சிறுநீரில் வெளியேறும் அஃப்ளாடாக்சினை அளந்தபோது, குளோரோஃபிலின் சாப்பிட்டவர்களிடம் அது 55 சதவீதம் குறைந்திருந்தது. குடலிலேயே நஞ்சைப் பிடித்துக்கொண்டு இரத்தத்துக்குள் போகவிடாமல் செய்வதுதான் அதன் வேலை என்று கருதப்படுகிறது. 2001-இல் இது வெளியானது. பிறகு அதே ஊரில் பிராக்கோலி முளையை ஊறவைத்து எடுத்த பானத்தைச் சோதித்தபோது, இரு குழுக்களுக்கும் இடையில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஒரே பானத்தைக் குடித்தவர்களிடம் மருந்துப்பொருள் உடலில் சேர்ந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. அதிகம் சேர்ந்தவர்களிடம் டி.என்.ஏ சேதம் குறைவாக இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும் இந்த அளவுதான் மூலிகை ஆராய்ச்சியின் நிரந்தரச் சிக்கல்.

சிடோங்கில் உண்மையான பெரிய மாற்றம் மூலிகையாலோ மாத்திரையாலோ வரவில்லை. 1980-களின் பொருளாதார மாற்றத்துக்குப் பிறகு அந்த மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் தடயம் வெகுவாகக் குறைந்தது. அடுத்தடுத்த தலைமுறையில் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட குழந்தைகள் புற்றுநோய் வரும் வயதை எட்டுவதற்கு முன்பே இது நடந்தது.

ஹெபடைடிஸ் பி என்றதும் சென்னையின் கீழாநெல்லிக் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இந்தக் கிருமி உள்ளவர் அஃப்ளாடாக்சினையும் சாப்பிட்டால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு பெருகும். ஷாங்காயில் செய்து 1992-இல் வெளியான ஆய்வில், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ 60 மடங்கு. ஆகவே கிருமியை விரட்டும் மூலிகை கிடைத்தால் இரட்டை நன்மை. சென்னையில் தியாகராஜனும், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்து தாய்லாந்து முதலிய இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறு இனமா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறு கட்டத்தில் இருந்தார்களா என்று விவாதம் நீண்டது. கீழாநெல்லி பொய் என்று நான் சொல்லமாட்டேன். எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவம், எவ்வளவு பொருள் என்று அளந்து நிலைநிறுத்தாத வரை ஒரு வெற்றியை மறுபடி பெற முடியாது என்பதை அது காட்டியது. பழைய வைத்தியர்கள் பறிக்கும் பருவத்தையும் நேரத்தையும் பிடிவாதமாகச் சொல்லிவைத்ததற்கு நல்ல காரணம் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூலிகைக்கும் பூசணம் பிடிக்கும். பீகாரின் பாகல்பூரில் சேமிப்புக் கிடங்குகளிலிருந்து எடுத்த மருந்துச் சரக்குகளில் பெரும்பாலானவற்றில் அஃப்ளாடாக்சின் இருந்ததை 1988-இல் ஓர் ஆய்வு காட்டியது. மழைக்காலத்தில் சாக்குமூட்டையில் கிடக்கும் வேரும் பட்டையும் கடலையைப் போலவேதான். கல்லீரலுக்காக வாங்கும் பொடியே கல்லீரலுக்கு நஞ்சாகும் கொடுமையை எந்த மருத்துவமும் பொறுக்கக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்பது மூலிகைக்கு எதிரான பேச்சாகாது.

திண்டிவனம் பக்கம் களத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை காயும்போது, பெண்கள் ஒரு பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஓடினால் காய்ந்துவிட்டது. சத்தமில்லாவிட்டால் மறுபடி வெயிலுக்கு. ஓட்டோடு ஒட்டாமல் பருப்பு சுருங்கியிருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தம் அடையாளம். கருவி கொண்டு அளந்தால், பருப்பில் ஈரம் 7, 8 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் இந்தப் பூஞ்சையால் வளர முடியாது. பிறகு முறத்தில் போட்டு, சுருங்கியது, உடைந்தது, கறுத்தது என்று பொறுக்கி எறிவார்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. ஒரு மூட்டையின் நஞ்சில் பெரும்பகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய கெட்ட பருப்புகளுக்குள் இருக்கலாம். அந்த விரல்கள் எறிவது எடையில் சிறிது, நஞ்சில் பெரிது. எறிந்ததை எண்ணெய்க்கென்று தனியாக விற்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போகும். கொஞ்சம் எண்ணெயில் வண்டலோடு தங்கும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் அது நீங்கும். செக்கு எண்ணெயில் அந்தப் படி இல்லை. ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலாக ஊற்றி எடுக்கும் வழக்கம் உண்டு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970-களில், கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சினை வெயில் சிதைக்கிறது என்று கண்டறிந்தார்கள். வண்டல் படிவதற்காகச் செய்த காரியம் நஞ்சையும் குறைத்திருக்கிறது. வெயில் எண்ணெயில் ஊடுருவும், பிண்ணாக்கில் ஊடுருவாது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது.

ஓமத்துக்கான அடுத்த சோதனை மாட்டுத்தொழுவத்தில்தான் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பசு தின்ற பி1-இல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, நன்றாகக் கறக்கும் மாட்டில் ஆறு பங்குவரை, எம்1 என்ற வடிவத்தில் பாலுக்கு வந்துவிடும். பாலுக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அந்தப் பால்தான் குழந்தைக்கும் போகிறது. ஓமமோ தொழுவத்துக்குப் புதியதில்லை. மாட்டுக்கு வயிறு ஊதினால் ஓமம் அரைத்துக் கொடுப்பது இன்றும் உண்டு. ஓம விதைச் சாற்றைக் கொதிக்கவைக்காமல் பிண்ணாக்கில் பிசறி, ஒரு நாள் ஊறவைத்து, காயவைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். சாறு சேர்க்காமல் வெறும் நீரில் பிசறிய பிண்ணாக்கை இன்னொரு தொகுதி மாடுகளுக்குக் கொடுக்கலாம். ஊறும் நேரத்தில் புதிதாகப் பூஞ்சை கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வளையம் திறந்த நஞ்சு மாட்டின் வயிற்றில் மூடிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விடைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கெட்ட தீவனம் தின்ற ஓரிரு நாளில் எம்1 பாலில் தெரியும். தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் மறையும். காலையிலும் மாலையிலும் கறக்கும் பாலில் ஒரு குப்பி எடுத்துவைத்தால் போதும்.